அடுக்களைக்குப் பின்னால் ஒரு தொட்டி

கலியாண வீட்டுக்குச் செல்வோர் பந்தலின் முகப்பைப் பார்ப்பார்கள், மணவறையைப் பார்ப்பார்கள், சமையற்கட்டின் பின்புறத்தைப் பார்ப்பவர் அரியர். நாம் அண்மையில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள ஒரு கலியாண மண்டபத்துக்குச் சென்றிருந்தபோது அந்தப் பின்புறத்தையே பார்க்கும்படி நேர்ந்தது.

முதற் பந்தி எழுந்து கைகழுவிக்கொண்டிருந்தது. இரண்டாம் பந்திக்கு இலை போட்டாயிற்று. அவ்வேளையில் சமையற்கட்டிலிருந்து கூச்சல் எழுந்தது. கிடாரங்களைக் கழுவிய நீர் வெளியே செல்லாது, தரையிலுள்ள வடிகாலின் வாயால் திரும்பி மேலே வந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறமாய், நுரை கட்டி, சோற்றுப் பருக்கைகள் மிதக்க வந்த அந்த நீரின் நாற்றம் சாம்பாரின் மணத்தை அடக்கிவிட்டது. மண்டபத்துக்குப் பொறுப்பானவர் முதலில் கொதிநீர் ஊற்றுவித்தார். பயனில்லை. பின்னர் எரிசோடா கொட்டுவித்தார். நீர் ஒரு விரற்கடை இறங்கி மீண்டும் ஏறியது.

கொல்லைப் பக்கத்தில் ஒரு கொழுப்புத் தொட்டி இருக்கவே செய்தது. ஆனால் அதன் மூடிமேல் வாயு உருளைகள் அடுக்கப்பட்டிருந்தன. கட்டட அனுமதிக்காகக் கட்டிய நாள் தொட்டு அதனைத் திறந்தவர் யாருமிலர் என்று சமையற்காரர் எமது காதருகே கூறினார். உருளைகளை அகற்றி மூடியைப் புரட்டியபோது தொட்டி விளிம்புவரை வெண்மஞ்சள் நிறமாய் உறைந்திருந்தது. மேலே ஒரு கோழிக்குஞ்சு நடந்துபோகலாம் போலிருந்தது. தொட்டிக்கு அப்பால், ஏறக்குறைய ஆறு அடி ஆழமான ஓர் ஆளிறங்கு குழி. அதன் மூடியையும் திறந்தார்கள். பீங்கான் கழுவும் இளைஞனொருவன், பதினெட்டு வயதிருக்கும், சட்டையைக் கழற்றிவிட்டுக் குழியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டான்.

அங்கே குழாய் திருத்த அழைக்கப்பட்டிருந்த முதியவர் ஒருவர் ஓடிவந்து அவனுடைய தோளைப் பிடித்தார்.

"தம்பி, இறங்காதை! ஏறு வெளியிலை!"

"ஐயா, முந்தி மணந்தது. இப்ப அவ்வளவு மணக்கேல்லை."

"மணக்கேல்லை எண்டபடியாத்தான் இறங்காதை எண்டு சொல்லுறன்."

இவ்வார்த்தையின் பொருளைப் பின்னர் கூறுவோம். இரண்டாம் பந்தி எவ்வாறோ நடந்தேறிற்று. பாத்திரங்கள் முற்றத்தில் வாளித் தண்ணீரில் கழுவப்பட்டன. விருந்தினர் பலருக்கு எதுவும் தெரியாது. எமக்கோ உண்ட பாயசத்தைவிட அந்தத் தொட்டியே நினைவில் நின்றது.

உணவுச்சாலை, விடுதிச் சமையலறை, மண்டபம், மடம் ஆகிய இடங்களில் அமைக்கும் இத்தொட்டியைக் கட்டட வேலைக்காரர் 'கிறீஸ் ட்ராப்' என்பர். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இது உலகில் வழங்கிவருகிறது. இதனுள்ளே யந்திரம் எதுவுமில்லை, மருந்தும் இல்லை. கழுவுதொட்டியிலிருந்து விரைந்து வரும் நீரை ஓர் அகன்ற பெட்டிக்குள் விட்டு அதன் வேகத்தைத் தணிப்பதே இதன் முழுத் தந்திரம். தேங்காயெண்ணெய் நீரினும் இலேசானது. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோவென்றால் அதே அளவு எண்ணெய் 920 கிராம் வரையே நிற்கும். ஆகவே நீர் சற்றே நின்றால் எண்ணெய் மேலே ஏறும். பருக்கையும் பருப்பும் கீழே இறங்கும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர் இருக்கும். வெளிச்செல்லும் குழாயின் வாய் மேற்பரப்பில் இல்லாது நீருக்குள் அமிழ்ந்திருப்பதால், அந்த நடுநீர் மட்டுமே வெளியேறும். உள்ளே நிற்கும் தடுப்புச் சுவர்கள், வரும் நீர் நேரே பாய்ந்து எண்ணெயைத் தன்னோடு இழுத்துப் போகாதபடி பார்த்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். இத்தொட்டி கொழுப்பை அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது. பிடித்ததை எடுத்துப் போடுவது மனிதன் செய்யவேண்டிய வேலை. எலிப்பொறியில் எலி அகப்பட்டபின் அதனை அப்படியே விட்டுவிட்டு, "பொறி வைத்திருக்கிறேன்" என்று சொல்பவர் எவருமில்லை. கொழுப்புத் தொட்டி விடயத்தில் மட்டும் படித்தவர்களும் அவ்வாறே சொல்கிறார்கள்.

நிற்க. கொதிநீர் ஊற்றியது ஏன் பயன்படவில்லை? மாணவர்கள் இதனை வீட்டிலேயே பரிசோதித்துப் பார்க்கலாம். எண்ணெய் பட்ட கிண்ணத்தில் சுடுநீரும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் விட்டுக் கலக்கினால் எண்ணெய் மறைந்துவிடும், நீர் பால்போலாகும். எண்ணெய் மறையவில்லை, கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகளாகச் சிதறிற்று. அவ்வாறு சிதறிய எண்ணெய் தொட்டியில் மேலே ஏற நேரமின்றி நீரோடு நீராய் அப்பாற் சென்றுவிடும். அங்கே நீர் குளிர்ந்து, சவர்க்காரமும் ஐதாகிய பின்னர், துளிகள் மீண்டும் ஒன்றுகூடிக் குழாயின் சுவரில் ஒட்டும். ஆகவே கொதிநீர் ஊற்றுபவர் அடைப்பை நீக்குவதில்லை. தம்முடைய முற்றத்திலிருந்து அயலவருடைய முற்றத்துக்குத் தள்ளிவைக்கிறார்.

"நாங்கள் பாவிப்பது தேங்காயெண்ணெய், அது உறையாது" என்று வாதிடும் கடைக்காரரையும் கண்டிருக்கிறோம். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை சதமவளவில் உறையும். நுவரெலியாவில் எண்ணெய்ப் போத்தலை வெயிலில் வைத்து உருக்கித் தலைக்குத் தடவியவர்களுக்கு இது தெரியும். அங்குள்ள விடுதிகளில் குழாய்க்குள் எண்ணெய் போன சில மணி நேரத்திலேயே மெழுகாகிவிடும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மண்ணுக்கடியிலுள்ள குழாய் அவ்வளவு குளிர்வதில்லையாதலால் கடைக்காரரின் கூற்றில் பாதி உண்மை உண்டு. ஆனால் நெய்யும் ஆட்டுக் கொழுப்பும் எந்த ஊரிலும் உறையும். கொத்துரொட்டிக் கல்லைக் கழுவும்போது கோதுமை மாவும் கொழுப்பும் சேர்ந்து பசையாகும். பாற்சொதிச் சட்டியில் எஞ்சிய தேங்காய்ப்பாலும் கொழுப்பே. இவற்றுக்கெல்லாம் மேலான காரணம் ஒன்று இரசாயனத்தில் இருக்கிறது. அது குடாநாட்டாருக்குப் புதியதன்று.

சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீரில் குளித்தவர் அறிவர்: சவர்க்காரம் எளிதில் நுரைக்காது, வாளியின் விளிம்பிலும் கிணற்றுக்கட்டிலும் வெள்ளைப் பொருக்கொன்று படியும். நீரிலுள்ள கல்சியம், சவர்க்காரத்திலுள்ள கொழுப்பமிலத்தோடு கூடி, நீரிற் கரையாத வேறொரு சவர்க்காரமாகிறது, அதுவே அப்பொருக்கு. வடிகாலிலும் இதே கூத்துத்தான் நடக்கிறது. வடை பொரிக்கும் எண்ணெயில் மாவின் ஈரம் மீண்டும் மீண்டும் படப்பட எண்ணெய் சிதைந்து கொழுப்பமிலம் விடுபடும். அது வடிகாலில் நீரின் கல்சியத்தையும், சீமெந்துக் குழாயிலிருந்து கரைந்துவரும் கல்சியத்தையும் சந்திக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் சாக்கடைக் குழாய்களில் படிந்த கட்டிகளை ஆராய்ந்து, அவை வெறுமனே உறைந்த கொழுப்பல்ல, பெரும்பாலும் கல்சியச் சவர்க்காரமே என்று 2011ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். உறைந்த கொழுப்பைச் சூடு இளக்கும். கல்சியச் சவர்க்காரத்தைக் கொதிநீர் இளக்காது. அன்று மாலை முதியவர் குழாயின் துப்புரவு வாயால் தடியை விட்டு இழுத்தெடுத்த கட்டியை எமது கையில் தந்தார். தேய்த்தால் மணல்போல் உதிர்ந்தது. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. பாடசாலை வெண்கட்டிக்கும் சவர்க்காரத்துக்கும் இடைப்பட்ட பொருள் என்று சொல்லலாம்.

எரிசோடாவின் கதையும் இதனோடு ஒட்டியதே. அது கொழுப்பைச் சவர்க்காரமாக்கும் என்பது உண்மை. அடைத்துக்கிடக்கும் குழாய்க்குள் அவ்வாறு ஆக்கினால் அச்சவர்க்காரம் சிறிது தூரம் போய் மறுபடி உறையும். அதைக் கொட்டும்போது நீர் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். பின்னால் தடி விட்டுக் குத்துபவனுடைய முகத்தில் தெறிப்பதும் அதே நீர்தான். நொதியப் பொடிகளை விற்போரும் உளர். கொழுப்பைப் பிளக்கும் நொதியம் விடுவிப்பது கொழுப்பமிலத்தை. அது தொட்டியைத் தாண்டிப் போய்க் கல்சியத்தைச் சந்தித்தால் என்னவாகும் என்பதை மேலே கண்டோம். பொடி வாங்கும் பணத்துக்கு ஓர் ஆளுக்குக் கூலி கொடுத்துத் தொட்டியை வழித்தெடுப்பிப்பது மேல் என்பது எமது கருத்து.

கொழுப்பைக் கண்ணுக்கு மறைவாகத் தள்ளிவிட்ட ஒரு மாநகரம் என்ன கண்டது என்பதற்கு இலண்டன் சாட்சி. அந்நகரின் வைற்சப்பல் பகுதியில், விக்ரோறியா இராணி காலத்துச் செங்கற் சாக்கடை ஒன்றுக்குள் 2017ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஒரு கொழுப்புப் பாறை கண்டுபிடிக்கப்பட்டது. நீளம் 250 மீற்றர். நிறை 130 தொன். சமையற் கொழுப்பும், மலகூடங்களில் எறிந்த ஈரத்துணிகளும் திரண்டு இறுகிய அப்பாறையைத் தொழிலாளர் நீர்த்தாரையாலும் மண்வெட்டியாலும் உடைத்தெடுக்க ஒன்பது வாரம் சென்றது. அதன் ஒரு துண்டை 2018இல் இலண்டன் அரும்பொருட்சாலையில் காட்சிக்கு வைத்தார்கள். மக்களும் திரளாகப் போய்ப் பார்த்தார்கள். கொழும்பின் பாதாளச் சாக்கடையும் பிரித்தானியர் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடத் தொடங்கியதே. வெள்ளவத்தையிலே காலியிடமெல்லாம் உணவுச்சாலையாகி வருவதைப் பார்க்கும்போது அக்குழாய்களின் வயது எமக்கு நினைவு வருகிறது.

குடாநாட்டின் நிலைமையோ வேறு. ஒருவகையில் இன்னும் கடினமானது. இங்கே கழிவுநீர் பெரும்பாலும் அந்தந்த வளவிலுள்ள குழிகளிலேயே முடிகிறது. முற்காலத்தில் பாத்திரம் கழுவிய நீர் வாழைப்பாத்திக்குப் போயிற்று. ஒரு குடும்பத்துச் சட்டிபானையின் எண்ணெயை வாழையடி மண்ணும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் தின்று தீர்த்தன. ஐந்நூறு பேருக்குச் சமைக்கும் மண்டபத்தின் எண்ணெயை எந்த வாழை தாங்கும்? கொழுப்பு ஊறு குழிக்குள் போனால் மண்ணின் நுண்துளைகளை மெழுகுபோல் அடைக்கும், குழி நிரம்பும், அழுக்குநீர் நிலத்தின்மேல் பரவும். சுண்ணாம்புக்கல்லிலோ வெடிப்புகளும் குகைகளும் உண்டு. நீர் மண்ணால் வடிக்கப்படாமலே அவற்றின் வழியாகக் கிணற்றைச் சென்றடையலாம். குடாநாட்டுக்கு வற்றாத ஆறில்லை, நிலத்தடி நீரே வழிவழி வந்த செல்வம்.

ஆலைக் கழிவுநீரை ஆறு குளங்களில் விடுவதற்கு இலங்கையில் விதித்துள்ள எல்லைகளில், எண்ணெயும் கொழுப்பும் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பதும் ஒன்று. இது எத்துணைச் சிறிய அளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 4600 மில்லிகிராம். அதனை அந்த எல்லைக்குள் கொண்டுவர 460 லீற்றர் நீர் வேண்டும். ஒரு தாச்சியை வழித்துத் துடைக்காது கழுவும்போது போவது ஒரு தேக்கரண்டியோடு நிற்குமா?

ஆகவே பராமரிப்பு தொட்டியில் தொடங்குவதில்லை, பீங்கானில் தொடங்குகிறது. கழுவுமுன் பீங்கானையும் கறிச்சட்டியையும் வழித்து, பழைய கடதாசியால் துடைத்துவிட்டால் தொட்டிக்குப் போவதில் பெரும்பகுதி குறைந்துவிடும். எமது சைவ உணவுச்சாலைகளில் வாழையிலை வழங்கியவரை இவ்வேலை தானாகவே நடந்தது; இலையோடு எச்சிலும் எண்ணெயும் மாட்டுக்குப் போயின. இலைக்குப் பதிலாகப் பீங்கான் வந்தபின் அந்த எண்ணெயெல்லாம் குழாய்க்குள் போகிறது. கழுவுதொட்டியின் வாயில் சல்லடைக் கூடை இருக்கவேண்டும். அது நிறைந்ததும் கூடையைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் உள்ளே தள்ளும் பழக்கம் கழுவுபவர்களிடம் உண்டு. அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. நூறு பீங்கான் காத்திருக்கையில், கூடையைக் கொட்ட ஒரு வாளி பக்கத்தில் இல்லாவிட்டால், வேறென்ன செய்வார்கள்? வாளியை வைக்கவேண்டியவர் முதலாளி. பொரித்த எண்ணெயை ஒருபோதும் வடிகாலில் ஊற்றலாகாது. ஆறவிட்டு மூடியுள்ள கலத்தில் சேர்க்கவேண்டும்.

தொட்டியை எப்போது வெறுமையாக்குவது? "மாதம் ஒருமுறை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியன்று. தோசைக்கடைக்கும் பொரித்த கோழி விற்கும் கடைக்கும் ஒரே கணக்கு ஆகாது. பல நாட்டு நகரசபைகள் கைக்கொள்ளும் விதி இது: மேலே மிதக்கும் கொழுப்பின் தடிப்பையும் அடியில் கிடக்கும் மண்டியின் தடிப்பையும் கூட்டினால், அது தொட்டி நீரின் ஆழத்தில் காற்பங்கை எட்டுமுன் துப்புரவு செய்துவிடவேண்டும். நீர் 80 சதமமீற்றர் ஆழமெனில் 20 சதமமீற்றர்; ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அதற்குமேல் விட்டால் நடுவிலுள்ள நீருக்கு இடம் சுருங்கும். இடம் சுருங்க ஓட்டம் விரையும். ஓட்டம் விரைந்தால் பிடித்துவைத்த கொழுப்பையே அது இழுத்துக்கொண்டு போகும்.

அளப்பதற்கு ஒரு தடி போதும். தடியின் அடியில் உள்ளங்கையளவு பலகையைச் செங்கோணமாகப் பொருத்தவேண்டும். மேலேயுள்ள ஆடையைக் கிழித்துத் தடியை இறக்கி, ஒருமுறை திருப்பி, மெல்ல உயர்த்தினால் பலகை கொழுப்பின் அடிப்பாகத்தில் தட்டுப்படும். அவ்விடத்தில் தடியில் அடையாளமிட்டால் கொழுப்பின் தடிப்புத் தெரியும். பின்னர் கீழே இறக்கினால் முதலில் மெத்தென்ற மண்டியும் பிறகு வன்மையான அடித்தளமும் தட்டுப்படும்; இரண்டுக்குமுள்ள வேறுபாடு மண்டியின் தடிப்பு. தொடக்கத்தில் கிழமைக்கொருமுறை அளந்து திகதியோடு எழுதிவந்தால், இரண்டு மாதத்தில் அந்தக் குசினிக்குரிய கால இடைவெளி தானே புலப்படும். பள்ளியில் வரைபு வரையப் பழகும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேண்டியதில்லை.

துப்புரவு செய்யும்போது மேலாடையை மட்டும் வழித்துவிட்டு மூடிவிடுவோர் பலர். அடி மண்டி அழுகி அமிலமாகும், சீமெந்தையும் அரிக்கும். முழுவதையும் வாங்கி, சுவரையும் தடுப்புகளையும் சுரண்டி, வெளிச்செல்லும் குழாயின் வாயைப் பார்த்து, பின்னர் தொட்டியை நல்ல நீரால் நிரப்பியபின்னரே அடுக்களையைத் திறக்கவேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தை மறப்பவர் பலர். வெறுந்தொட்டியில் மிதப்பதற்கு நீரில்லை. முதலில் வரும் கொழுப்பு அடியால் ஓடி நேரே குழாய்க்குள் புகுந்துவிடும்.

தொட்டியின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. அகலம் 45, நீளம் 60, ஆழம் 30 சதமமீற்றர் உள்ள ஒரு கழுவுதொட்டி 81 லீற்றர் கொள்ளும். முக்கால் நிறைத்தால் ஏறக்குறைய 60. மூன்று தொட்டிகளை ஒரே வேளையில் திறந்துவிட்டு அவை இரண்டு நிமிடத்தில் வடிந்தால், நிமிடத்துக்கு 90 லீற்றர் பாயும். அம்மண்டபத்தில் இருந்த கொழுப்புத் தொட்டி 100 லீற்றர் கொள்ளுமோ என்னவோ. நீர் அதில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலேதான் தங்கும். அதற்குள் எண்ணெய் பிரிவது எங்ஙனம்? பெரிய குசினிக்கு வெளியே நிலத்தில் அமைக்கும் பெருந்தொட்டிகளில் அரை மணி நேரமளவாவது நீர் நிற்கும்படி அமைப்பதே பொறியியலாளர் வழக்கம். மலகூடக் குழாயை இத்தொட்டியோடு ஒருபோதும் இணைக்கலாகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை; ஆயினும் இணைத்த கட்டடங்கள் இருப்பதால் சொல்கிறோம்.

குழாய்வழியைப் பொறுத்தவரை விடயம் எளிது. நாலங்குலக் குழாய் 40 அடிக்கு ஓர் அடி முதல் 80 அடிக்கு ஓர் அடி வரை சரிந்திருத்தல் வேண்டும். செங்கோணத் திருப்பங்கள் ஆகா. ஒவ்வொரு திருப்பத்திலும் தடி விடுவதற்கு ஒரு துப்புரவு வாய் இருக்கவேண்டும். நீர் மெல்ல வடிதல், ஒரு தொட்டியைத் திறந்தால் மற்றதில் கொளகொளவென்று சத்தம் எழுதல், கரப்பொத்தான் பெருகுதல் ஆகியவை அடைப்புக்கு முன்வரும் தூதர். அம்மண்டபத்திலும் இரண்டு மாதமாகச் சத்தம் கேட்டதாம்.

இப்போது முதியவரின் வார்த்தைக்கு வருவோம். காற்றுப் படாத மண்டியில் வாழும் நுண்ணுயிர்கள் ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டையின் நாற்றம் அதனுடையதே. இவ்வாயு காற்றிலும் பாரமானது. குழியின் அடியில் தேங்கி நிற்கும். மண்டியைக் கிளறினால் குபீரென்று கிளம்பும். சிறிதளவு இருக்கும்போதே மூக்கு அதனை அறிந்துவிடும். ஆனால் காற்றில் பத்து இலட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு அது கூடினால் சில நிமிடங்களில் மூக்கின் உணர்வு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதென்று மனிதன் எண்ணுவான். இன்னும் பன்மடங்கு கூடினால் ஓரிரு மூச்சில் அறிவிழந்து விழுவான். "இப்ப மணக்கேல்லை" என்ற சொல்லைக் கேட்டு அம்முதியவர் ஏன் பதறினார் என்பது எமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

விழுந்தவனைக் காப்பாற்ற அடுத்தவன் இறங்குவான், அவனும் விழுவான். 2018ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஹொரணைப் பகுதியிலுள்ள ஓர் இறப்பர்த் தொழிற்சாலையில் இரசாயனத் தொட்டியொன்றில் ஒருவர் விழ, அவரை மீட்கச் சென்றோரும் வீழ்ந்து ஐவர் மாண்டனர். அங்கே வாயு வேறாயிருக்கலாம். குழியின் இயல்பு ஒன்றே. இந்தியாவில், தக்க பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது; அதன்பின்னரும் அங்கே குழிகளில் மனிதர் மாண்ட செய்திகள் ஓயவில்லை. அவ்வாறு மாள்வோர் முதலாளியின் மக்களல்லர். கலியாணத்துக்கு வந்த எம்போன்ற விருந்தினரும் அல்லர். பீங்கான் கழுவும் பிள்ளைகளும், அன்றாடக் கூலிக்கு வந்தவர்களுமே. கிழமைக்கொருமுறை தொட்டியை வழித்தெடுக்கும் அடுக்களையில் எவரும் குழிக்குள் இறங்கவேண்டிய தேவை வருவதில்லை. வந்தாலும் வெளியில் நின்றே தடியாலும் நீர்த்தாரையாலும் உறிஞ்சும் பவுசராலும் வேலையை முடித்தல் வேண்டும். காற்றை அளக்கும் கருவியும், மேலே நின்று இழுக்கக் கயிறும் ஆளும், சுவாசக் கவசமும் இன்றி எவரையும் இறக்குவது தகாது. கைக்குட்டையை மூக்கில் கட்டுவது கவசமாகாது.

எடுத்த கொழுப்பை எங்கே போடுவது? பின்வளவில் கொட்டினால் மழைக்கு அது கானில் சேரும். உள்ளூர்ச் சபையிடம் விசாரித்து, கழிவகற்றும் பவுசர் மூலம் உரிய இடத்துக்கு அனுப்பிப் பற்றுச்சீட்டு வாங்கி வைத்தல் வேண்டும். பொரித்த எண்ணெயைத் தனியே சேர்த்தால் எரிபொருள் செய்வோர் வாங்குவர். இலண்டனின் கொழுப்புப் பாறையிலிருந்தும் எரிபொருள் ஆக்கினார்கள். ஆனால் அதனை யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்று கேட்டறிதல் அவசியம். சீனாவில் வடிகாலிலும் கழிவிலும் எடுத்த எண்ணெயைத் தெளிவித்துச் சமையலெண்ணெயாக விற்ற கூட்டத்தில் 32 பேரை 2011ஆம் ஆண்டு பொலீசார் கைது செய்தார்கள். தைவானிலும் 2014இல் இத்தகைய மோசடி வெளிப்பட்டுக் கடைகளிலிருந்து பண்டங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. தெருவோரத்தில் மலிவாகக் கிடைக்கும் எண்ணெயின் பூர்வோத்தரத்தைக் கேட்காமல் வாங்கும் இல்லத்தரசிகள் இதனைக் கருத்திற்கொள்வார்களாக.

சென்ற கிழமை அவ்வழியே போகும்போது மண்டபத்தில் இறங்கினோம். பழைய தொட்டியை இடித்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி பெரியதொன்று கட்டியிருந்தார்கள். வாயு உருளைகள் வேறிடத்துக்குப் போய்விட்டன. குசினிச் சுவரிலே நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் அடிப்பலகை தைத்த தடியொன்று தொங்கிற்று. நாட்காட்டியில் வெள்ளிக்கிழமைகளெல்லாம் பென்சிலால் இலக்கமிடப்பட்டிருந்தன. அன்று குழியில் காலைத் தொங்கப்போட்ட அதே இளைஞன் தடியை எடுத்துக்கொண்டு எமக்குக் காட்டுவதற்காகவே தொட்டியண்டை போனான். மூடியை நீக்கி, தடியை இறக்கி, திருப்பி, உயர்த்திப் பார்த்தான்.

"நாலு விரல்தான் ஐயா. இன்னும் ரெண்டு கிழமை போகும்," என்றான்.